கடைசியில் படுப்பவருக்கும் தூக்கம் வேண்டும்

இரவு மணி 10½.

வீட்டில் எல்லோரும் சாப்பிட்டாகிவிட்டது. கூடத்தில் டெலிவிஷன் ஓடுகிறது. அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி செய்தி பார்க்கிறார். மூத்த மகன் சுவர் ஓரமாகப் படுத்துக்கொண்டு கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். இளையவளுக்குப் பரீட்சை. விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கிறாள். பாட்டி ஒரு தூக்கம் போட்டு எழுந்து, "மணி என்ன ஆச்சு?" என்று கேட்கிறாள்.

அம்மா எங்கே?

சமையல் அறையில் இருக்கிறாள். பாத்திரம் தேய்த்தாயிற்று. அடுப்பைத் துடைத்தாயிற்று. பாலுக்கு உறை ஊற்ற வேண்டும். நாளைக்கு வேண்டிய காய்கறியை நறுக்கி வைக்க வேண்டும்.

"ஏங்க, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைங்களேன். தலை வலிக்குது."

"இதோ ஆச்சு. இன்னும் அஞ்சே நிமிஷம்."

அந்த ஐந்து நிமிஷம் முடிய ஒரு மணி நேரம் ஆகிறது!

அம்மா படுக்கும்போது மணி 11½. காலையில் 4½ மணிக்கு எழுந்தாக வேண்டும். தண்ணீர் வரும். பால் வரும். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். நடுவில் இருப்பது ஐந்து மணி நேரம். அதிலும் பாட்டி இருமினால் அவள்தான் எழுந்திருக்கிறாள். மின்விசிறி நின்றால் அவள்தான் எழுந்திருக்கிறாள். கொசு கடித்துக் குழந்தை அழுதாலும் அவள்தான்.

இப்படியே பல மாதம் போகிறது. ஒரு நாள் டாக்டர் முன்னால் போய் உட்காருகிறாள்.

"தூக்கமே வர்றதில்லை டாக்டர். ஏதாவது மாத்திரை கொடுங்க."

மாத்திரை அவளுக்கு. வியாதியோ வீட்டுக்கு!

நன்றாகத் தூங்குவது எப்படி என்று யோசனை சொல்லுகிறவர்கள் எல்லோரும், படுக்கிறவர் ஒருவருக்கே சொல்லுகிறார்கள். சீக்கிரம் படு, காப்பியைக் குறை, கவலையை விடு என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது, ஒருவர் மட்டும் தனியாக எப்படிச் சீக்கிரம் படுக்க முடியும்? பக்கத்தில் விளக்கு எரிகிறதே! தூக்கம் என்பது சமையலைப் போல, தண்ணீரைப் போல, வீட்டின் பொதுக் காரியம். வீடே சேர்ந்து பழக்கத்தை மாற்றினால்தான் அது திரும்பி வரும்.

சென்னையில் கண்ட உண்மை

இதை மெய்ப்பிக்கும் ஓர் ஆராய்ச்சி நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது.

வெளிநாட்டுப் பொருளாதார நிபுணர்கள் சிலர் அதைச் செய்தார்கள். குறைந்த வருமானம் உள்ள 452 பேருக்கு, கம்ப்யூட்டரில் விவரங்களைப் பதிவு செய்யும் வேலையை ஒரு மாதம் கொடுத்தார்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் கடிகாரம் போன்ற ஒரு கருவியைக் கட்டினார்கள். ஆள் எப்போது அசைகிறார், எப்போது அசையாமல் தூங்குகிறார் என்பதை அந்தக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். முடிவுகள் 2021-ல் வெளிவந்தன.

அவர்கள் படுக்கையில் கிடந்த நேரம் சுமார் 8 மணி. தூங்கிய நேரம் சுமார் 5½ மணிதான்!

மீதி 2½ மணி நேரம் எங்கே போயிற்று? விழிப்பதும் மறுபடி கண்ணை மூடுவதுமாகப் போயிற்று. உஷ்ணம், சத்தம், கொசு, வெளிச்சம், இடநெருக்கடி. சென்னையில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களில் பலருக்கு மெத்தை, தலையணை, மேஜை விசிறி, கண்ணை மறைக்கும் துணி, காதை அடைக்கும் பஞ்சு முதலியவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். கூடவே புத்திமதியும் சொன்னார்கள். இரவுத் தூக்கம் 27 நிமிஷம் கூடியது. ஆனால் பகல் வேலையில் அதனால் குறிப்பிடும்படியான மாறுதல் ஒன்றும் தெரியவில்லை!

இன்னொரு பக்கம், சிலருக்கு வேலை செய்யும் இடத்திலேயே மதியம் அரை மணி நேரம் அமைதியான இடத்தில் படுத்துக்கொள்ள அனுமதி தந்தார்கள். அவர்கள் வேலையும் சற்றுச் சிறந்தது. மனமும் தெளிவாக இருந்தது.

வீட்டில் கூடுதலாக 27 நிமிஷம் தூங்கியதற்குக் கிடைக்காத பலன், வேலை இடத்துக் குட்டித் தூக்கத்துக்குக் கிடைத்தது ஏன்? ஆராய்ச்சி செய்தவர்கள் ஊகிக்கிற ஒரு காரணம் இது: வீட்டில் கிடைத்தது துண்டு துண்டான தூக்கம். வேலை இடத்தில் கிடைத்தது கலையாத தூக்கம்.

மெத்தை வாங்கிவிட்டால் தூக்கம் வந்துவிடும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம். மெத்தையில் குற்றம் இல்லை. மெத்தைக்குப் பக்கத்தில் டெலிவிஷன் அலறினால் மெத்தை என்ன செய்யும்?

உடம்பு வைத்திருக்கும் இரண்டு கணக்கு

தூக்கம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால், எந்தப் பழக்கம் நல்லது என்பது தானே விளங்கும்.

உடம்பு இரண்டு கணக்குகளை வைத்துக்கொண்டிருக்கிறது. ஒன்று, களைப்புக் கணக்கு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. குடத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நிறைவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடம் நிறைந்தால் கண் சொக்கும். தூங்கினால் குடம் காலியாகும். மாலை 5 மணிக்கு ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு, "ராத்திரி தூக்கம் வரவில்லையே" என்று புலம்புகிறவர் பாதிக் குடத்தை மாலையிலேயே கொட்டிவிட்டார். அவ்வளவுதான்.

மதியத் தூக்கம் வேண்டியவர்கள் 3 மணிக்குள், 20 அல்லது 30 நிமிஷத்தோடு முடித்துக்கொள்வது நல்லது. அதற்குமேல் போனால் எழுந்தவுடன் தலை பாரமாக இருக்கும். இரவுத் தூக்கமும் தள்ளிப்போகும்.

மற்றொன்று, மணிக் கணக்கு. கண்களிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் ஒரு சின்னஞ்சிறு பகுதி இருக்கிறது. அதுதான் உடம்பின் கடிகாரம். எப்போது பசிக்க வேண்டும், எப்போது உடம்பு குளிர வேண்டும், எப்போது தூக்கம் வரவேண்டும் என்று அது உத்தரவு போடுகிறது.

இந்தக் கடிகாரம் எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. உண்மைக் கதைதான். 1938-ல் சிக்காகோ பல்கலைக்கழகத்து விஞ்ஞானி நதேனியல் கிளைட்மன், தம்மிடம் பணியாற்றிய இளைஞர் ஒருவரை அழைத்துக்கொண்டு, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள மாம்மத் குகைக்குள் போய்க் குடியேறினார். சூரியனே தெரியாத இருட்டு. அங்கே 32 நாள் இருந்தார்கள். நாளுக்கு 24 மணி அல்ல, 28 மணி என்று வைத்துக்கொண்டு தூங்கி எழுந்து பார்த்தார்கள். இளைஞர் உடம்பு எப்படியோ புதுக் கணக்குக்குப் பழகிக்கொண்டது. நாற்பதைத் தாண்டிய கிளைட்மனின் உடம்போ, "எனக்கு 24 மணிதான்" என்று அடம் பிடித்துவிட்டது!

இரண்டு பேரை வைத்து எல்லாருக்கும் முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்ற பேச்சு பிறகு வலுத்தது. அந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்ற மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது எது? காலை வெளிச்சம்!

ஆகவே தூக்கத்துக்கு முதல் பழக்கம் படுக்கையில் ஆரம்பிப்பதில்லை. எழுந்திருப்பதில் ஆரம்பிக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, வெளியே வந்து, பத்து இருபது நிமிஷம் வெளிச்சத்தில் நிற்க வேண்டும். வாசல் தெளிப்பதும், கோலம் போடுவதும், பால் வாங்கப் போவதும் அதற்குப் போதும். மேகம் மூடியிருக்கிற காலையில்கூட வெளி வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம்.

எழுந்திருக்கும் நேரம் நிலைத்துவிட்டால், படுக்கும் நேரம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். படுக்கும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினால் நடக்காது. யாரும் உத்தரவு போட்டுத் தூங்க முடியாது. உத்தரவு போட்டு எழுந்திருக்க முடியும்.

இங்கேதான் ஞாயிற்றுக்கிழமை வந்து காரியத்தைக் கெடுக்கிறது. ஆறு நாள் 6 மணிக்கு எழுந்தவர்கள் ஏழாம் நாள் 10 மணிக்கு எழுந்திருக்கிறார்கள். அன்று இரவு 12 ஆனாலும் தூக்கம் வருவதில்லை. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி, ஒரு மணி அதிகமாகத் தூங்கலாம். நாலு மணி நேரம் வேண்டாம். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்கள் இப்போது மணி என்ன என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும்!

நாலு மணிக் காப்பியும் ஏழு மணிக் காப்பியும்

காப்பியைக் குறை சொன்னால் தமிழ்நாட்டில் அடி விழும். காலைக் காப்பியை யாரும் பிடுங்க வேண்டியதில்லை. மாலைக் காப்பிதான் வம்பு.

மேலே சொன்ன அடினோசின் வேலை செய்யும் இடத்தில் காப்பியின் கேஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு தெரியாமல் மறைக்கிறது. களைப்பு போய்விடவில்லை. மறைந்திருக்கிறது. பெரும்பாலோருக்கு, குடித்த கேஃபீனில் பாதி கழிவதற்கே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிக நேரம் ஆகும்.

2013-ல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். மூன்று நான்கு பெரிய கப் காப்பியில் இருக்கும் கேஃபீனை, படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னாலேயே கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்துபோயிற்று! நம் வீட்டு டம்ளரில் அவ்வளவு இராது. ஆனால் 4 மணிக்கு ஒன்று, விருந்தாளி வந்தார் என்று 6 மணிக்கு ஒன்று, தலைவலி என்று 7½ மணிக்கு ஒன்று என்று போனால் கணக்கு எங்கே நிற்கும்?

"நான் காப்பி குடித்தாலும் தூங்குவேன்" என்பவர்கள் உண்டு. தூங்குவார்கள். ஆழ்ந்த தூக்கம் குறைந்துவிடும். காலையில் எழுந்ததும் "டிக்காஷன் இறங்கியாச்சா?" என்று கேட்பார்கள். முந்தின நாள் காப்பிக்கு மறுநாள் காப்பி மருந்து.

டீயும் காப்பிக்குத் தம்பிதான். கோலா பானங்களிலும் கேஃபீன் உண்டு. குழந்தைகளுக்கு இரவில் அதை வாங்கிக் கொடுத்துவிட்டு, "இது தூங்கவே மாட்டேன் என்கிறது" என்று முதுகில் ஒன்று வைப்பது நியாயமா?

குடித்தால் தூக்கம் வரும் என்று சில ஆண்கள் சாராயத்துக்குச் சமாதானம் சொல்லுகிறார்கள். படுத்தவுடன் கண் மூடும். உண்மை. பின்னிரவில் தூக்கம் கலைந்து கலைந்து போகும். குறட்டையும் அதிகமாகும். பீடி, சிகரெட்டில் உள்ள நிகோடினோ விழிப்பூட்டும் பொருள். படுக்குமுன் ஒன்று பிடித்துவிட்டுப் படுப்பது, கதவைத் தாளிடாமல் படுப்பது போன்றதுதான்.

கையில் இருக்கும் விளக்கு

இருட்டத் தொடங்கினால் மூளையில் உள்ள ஒரு சிறு சுரப்பி மெலட்டோனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதை 1958-ல் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தவர் அமெரிக்க டாக்டர் ஆரன் லெர்னர். "இரவாகிவிட்டது" என்று உடம்புக்குத் தண்டோராப் போடுவது அதன் வேலை. பளீரென்று விளக்கு எரிந்தால் தண்டோரா தாமதப்படும்.

ஆகவே 9 மணிக்குமேல் கூடத்தில் பெரிய விளக்கு எதற்கு? சின்ன விளக்கு போதும். மின்சாரமும் மிச்சம்.

கைப்பேசியின் வெளிச்சம் கெடுதல் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். வெளிச்சத்தைவிட அதில் வருகிற விஷயம்தான் அதிகக் கெடுதல் என்று தோன்றுகிறது. ஒருவர் சண்டை போடுகிறார். ஒருவர் நகை வாங்கிக் காட்டுகிறார். எங்கோ ஒரு விபத்து. அதற்குக் கீழே நூறு பேர் ஏச்சுப் பேச்சு. இத்தனையையும் படுத்துக்கொண்டே பார்த்தால் மனம் எப்படி அடங்கும்? பழைய காலத்தில் சண்டை பார்க்க வேண்டுமானால் தெருவுக்குப் போக வேண்டும். இன்று தலையணைக்கு அடியிலேயே தெரு இருக்கிறது!

பையனைத் திட்டிப் பயன் இல்லை. அப்பா டெலிவிஷனை அணைத்தால்தான் பையனிடம் கைப்பேசியைக் கேட்க முடியும். வீட்டில் உள்ள எல்லாக் கைப்பேசிகளும் இரவு 9½ மணிக்கு ஓரிடத்துக்குப் போகவேண்டும். வாசல் அறை அலமாரியோ, சாமி படத்துக்குக் கீழே உள்ள பலகையோ, எதுவானாலும் சரி. அங்கேயே மின்சாரம் ஏற்றிக்கொள்ளட்டும். அப்பாவின் கைப்பேசியும் அங்கேதான்! காலையில் எழுப்புவதற்கு ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கினால் போயிற்று. அதையும் முகத்துக்கு நேரே வைக்காமல் திருப்பி வைக்க வேண்டும். நள்ளிரவில் மணி பார்த்து, "இன்னும் மூணு மணி நேரந்தான் இருக்கு" என்று கணக்குப் போடுகிறவருக்கு அந்த மூன்று மணி நேரமும் கிடைக்காது.

பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணின் விஷயம் என்ன? அவளுக்கும் தூக்கம் வேண்டும். அவளுக்கு அதிகமாகவே வேண்டும். பகலில் படித்ததை மூளை பதிய வைத்துக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரமும், 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது நிபுணர்கள் கணக்கு. பெரியவர்களுக்கு 7 மணியாவது வேண்டும். இரவு முழுவதும் கண் விழித்துப் படிக்கிற பெண்ணைப் பார்த்துப் பெருமைப்படும் பெற்றோர், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துப் பெருமைப்படுகிறார்கள்.

சுடுகிற மாடி

மாலையிலிருந்து விடியும் வரை நம் உடம்பின் உள்சூடு சுமார் ஒரு டிகிரி இறங்குகிறது. அப்படி இறங்கினால்தான் தூக்கம் நன்றாகப் பிடிக்கும். கோடையில் அது இறங்க விடாமல் வீடே தடுக்கிறது. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த காங்கிரீட் மாடி, இரவில் அதைக் கீழே படுத்திருப்பவர்கள் மேல் உமிழ்கிறது.

குளிர்சாதனம் வைக்க வசதி உள்ளவர்களுக்குக் கவலை இல்லை. மற்றவர்கள் என்ன செய்வது? மாடித் தளத்துக்குக் கோடைக்கு முன்பே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து வைத்தால் சூடு குறையும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பகலில் வெயில் படும் ஜன்னலுக்குத் திரை போட்டு, இருட்டியதும் எல்லா ஜன்னலையும் திறந்துவிட வேண்டும். ஜன்னலைத் திறந்தால் கொசு வரும். அதற்கு வலை இருக்கிறது. பாயோ கட்டிலோ, கொசுவலையைப் போல மலிவான தூக்க மருந்து வேறு இல்லை.

இன்னொரு யோசனை கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். படுப்பதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்னால் வெந்நீரில் குளிப்பது! உஷ்ணத்துக்கு வெந்நீரா என்று கேட்கலாம். இளஞ்சூடான நீர் பட்டதும் இரத்தம் கை, கால், தோல் பக்கம் ஓடி வருகிறது. அங்கிருந்து உடம்பின் உள்சூடு வெளியேறுகிறது. உடம்பு உள்ளே குளிர்கிறது. இதைப்பற்றி நடந்த பல ஆராய்ச்சிகளை 2019-ல் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். இப்படிக் குளித்தவர்களுக்குச் சராசரியாகப் பத்து நிமிஷம் முன்னதாகத் தூக்கம் வந்திருக்கிறது. குளித்தவுடனே படுக்கக் கூடாது. சூடு வெளியேற நேரம் கொடுக்க வேண்டும்.

புரண்டு படுப்பது

படுத்து இருபது நிமிஷம் ஆயிற்று. தூக்கம் வரவில்லை. என்ன செய்வது? கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடப்பதுதான் வழக்கம். அது தப்பு.

எழுந்துவிட வேண்டும்! மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, மடிக்க வேண்டிய துணி இருந்தால் மடிக்கலாம். சுவாரஸ்யம் இல்லாத ஒரு புத்தகத்தைப் புரட்டலாம். கண் சொக்கினால்தான் திரும்பிப் போய்ப் படுக்க வேண்டும். மறுபடி வரவில்லையா? மறுபடி எழுந்திருக்க வேண்டும். காலையில் மட்டும் வழக்கமான நேரத்துக்கே எழுந்துவிட வேண்டும். அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ரிச்சர்ட் பூட்சின் 1972-ல் சொன்ன முறை இது. இன்றும் டாக்டர்கள் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். படுக்கை என்றால் தூக்கம் என்று மனத்துக்குப் பழக்க வேண்டும். படுக்கை என்றால் கவலை என்று பழகிவிட்டால், பாயைப் பார்த்தவுடனேயே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

கவலைக்கும் ஒரு நேரம் ஒதுக்கலாம். பள்ளிக் கட்டணம், வாடகை பாக்கி, தங்கை கல்யாணம் இவையெல்லாம் படுத்த பிறகுதான் ஞாபகத்துக்கு வரும். சாயங்காலமே ஒரு காகிதத்தில் நாளை செய்ய வேண்டியதை எழுதி வைத்துவிட்டால், மனம் அதைக் காவல் காத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

299 நிமிஷம்

இத்தனையும் சரி. சமையல் அறையில் இருக்கும் அம்மாவுக்கு இதில் எதைச் செய்ய நேரம் இருக்கிறது?

நாடு முழுவதும் மக்கள் நாள் பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்று மத்திய சர்க்கார் 2019-ல் ஒரு கணக்கு எடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காகச் செலவழித்த நேரம் நாளுக்கு 299 நிமிஷம். அதாவது 5 மணிக்கு ஒரு நிமிஷம்தான் குறைவு! ஆண்கள் செலவழித்தது 97 நிமிஷம். அதுவும் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் கணக்கு. அப்படிக் கை வைத்த ஆண்களே 100-க்கு 26 பேர்தான்.

எந்த மாத்திரை இந்தக் கணக்கைச் சரிசெய்யும்?

அம்மாவின் தூக்கத்தைக் கூட்ட வேண்டுமானால் இரவு வேலையைக் குறைக்க வேண்டும். குறைப்பது என்றால் பங்கு போடுவது. சாப்பிட்டவர் தட்டை அவரவர் கழுவுவது முதல் படி. நாளைய காய்கறியை மாலை 7 மணிக்கு டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் நறுக்கலாம். கண் டெலிவிஷனில் இருந்தால் கை சும்மாதானே இருக்கிறது? விரலை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாய் விரிப்பதும் வலை கட்டுவதும் பிள்ளைகள் வேலை. கதவு தாளிட்டிருக்கிறதா, காஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பது அப்பா வேலை. பாட்டிக்கு நள்ளிரவில் தண்ணீர் வேண்டுமா? சொம்பும் டம்ளரும் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் யாரையும் எழுப்ப வேண்டாம்.

காலை 4½ மணித் தண்ணீர்தான் பெரிய தொல்லை. அதற்கு முறை வைக்க வேண்டும். ஒரு நாள் அம்மா, ஒரு நாள் அப்பா, ஒரு நாள் மூத்த மகன். கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும் அப்படித்தான். முன்னிரவு ஒருவர், பின்னிரவு ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் இருவருக்கும் நாலைந்து மணி நேரம் கலையாத தூக்கம் கிடைக்கும். இருவரும் ஒவ்வொரு அழுகைக்கும் எழுந்து உட்காருவதால் குழந்தைக்கு என்ன லாபம்?

"நாள் முழுக்க உழைச்சிட்டு வர்றேன். ராத்திரி காய் நறுக்கணுமா?" என்று கேட்கும் அப்பாக்கள் உண்டு. உழைப்பது உண்மை. அவர் உழைப்பு 7 மணிக்கு முடிகிறது. அவளுடையது 11½ மணிக்கு முடிகிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இரவு வேலைக்குப் போய்விட்டு விடியற்காலையில் திரும்புகிறவர் இருக்கும் வீட்டில், நியாயம் வேறு பக்கம் திரும்புகிறது. அவருக்குப் பகல்தான் இரவு. ஜன்னலுக்குக் கனத்த துணி போட்டு, மிக்சியை அவர் எழுந்த பிறகு ஓட்டினால் போதும். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லி வைக்கலாம். பஸ் ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரி நர்ஸ், மில் தொழிலாளி இவர்கள் கண் அயர்ந்தால் அவர்களோடு போவதில்லை. மற்றவர் உயிரும் அதில் இருக்கிறது.

டாக்டரிடம் போக வேண்டியவர்கள்

பழக்கத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது.

பலத்த குறட்டை விடுகிறவர் நடுவில் மூச்சே நின்றதுபோல் ஆகி, திணறி விழித்தால் அது தனி நோய். அதைப் பெரும்பாலும் கண்டுபிடிப்பவர் பக்கத்தில் படுத்திருப்பவர்தான். பகலில் வண்டி ஓட்டும்போதே தூங்கி விழும் நிலைக்கு அது கொண்டுபோய்விடும். அவர் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதம் நீடித்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். எதிலும் பிடிப்பில்லாமல் மனம் இடிந்துபோயிருப்பவர்கள் மூன்று மாதம் காத்திருக்கவும் கூடாது.

பக்கத்து வீட்டம்மாளுக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையில் இரண்டு கடன் வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து. பழகிவிட்டால் விட முடியாது. வயதானவர்கள் இரவில் தள்ளாடி விழுந்து எலும்பு முறிந்து கிடப்பதும் உண்டு. நீண்ட நாள் தூக்கமின்மைக்கு, முதலில் பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் பயிற்சியைத்தான் கொடுக்க வேண்டும், மாத்திரை அதற்குப் பிறகுதான் என்று அமெரிக்க டாக்டர்கள் கல்லூரி 2016-ல் அறிவித்தது. எழுந்திருக்கும் நேரத்தை நிலையாக்குவதும், தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுவதும் அந்தப் பயிற்சியில் அடக்கம்.

ஆகவே டாக்டரிடம் போகும்போது அம்மா தனியாகப் போக வேண்டாம். அப்பாவும் கூடப் போகட்டும். "வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே?

பலன் ஒரே இரவில் தெரியாது. இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். முதல் நாள் 9½ மணிக்குக் கைப்பேசியை அலமாரியில் வைக்கச் சொன்னால் பையன் முணுமுணுப்பான். அப்பா கடிகாரத்தைப் பார்த்து, "இப்பவேவா?" என்பார். பாட்டி மட்டும் சந்தோஷமாகப் போர்வையை இழுத்துக்கொள்வாள்.

அம்மாவுக்கும் முதல் சில நாள் ஒன்றும் புரியாது. 10 மணிக்கே வேலை முடிந்துவிட்டதா என்று சமையல் அறைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள். கழுவிய பாத்திரம் கவிழ்த்து வைத்திருக்கும். கழுவியது சுமாராகத்தான் இருக்கும். அதை மறுபடி தேய்க்க உட்கார்ந்துவிடாமல் அவளை யாராவது கூப்பிட்டுக்கொண்டு வரவேண்டும்.

"நாளைக்குத் தண்ணி பிடிக்கிறது யாரு?"

"நான்தாம்மா. நீ படு."